பாடாணும் காஞ்சியும்: கடற்காலாட்படை நூல்கள் சில

போரைப் பொருளாகக் கொண்டு எழுந்த நூல்களை மதிப்பிடுதற்கு வேண்டிய அளவுகோல் தமிழர்க்குப் புதியதன்று. தொல்காப்பியப் புறத்திணையியல் போர் வாழ்வை ஏழு திணைகளாக வகுத்துக் காட்டியுள்ளது. அவற்றுள் தலைவனின் சீர்த்தியை ஏத்திப் பாடுவது பாடாண்; உலகின் நிலையாமையை உணர்த்துவது காஞ்சி. இவ்விரண்டும் ஒரே போர்க்களத்தை இருவேறு கண்களாற் காண்பன. வென்றான் யார் என்று பாடாண் கேட்கும். வென்றபின் எஞ்சியது யாது என்று காஞ்சி கேட்கும். தம் படையின் புகழ்பாட முழுத் தகுதி பெற்ற ஒருவன், அப்புகழைப் பாடாது காஞ்சியைப் பாடுவானாயின், அந்நூல் கற்றற்குரியது என்பது எம் கருத்து. மேலைநாட்டுக் கடற்காலாட்படையினர் எழுதியனவும், அவர்களைப் பற்றி எழுதப்பட்டனவுமாகிய நூல்கள் சிலவற்றை இக்கருத்தின் துணைகொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சப்ரகமுவ மாகாணத்திற்குக் கடற்கரை இல்லை. இரத்தினபுரி, கேகாலை மலைச்சாரல்களில் தேயிலைக்கும் இறப்பருக்கும் இடையே வாழும் மாணவன் கடற்படைகளின் கதையை ஏன் கற்றல் வேண்டும் என்று ஒருவர் வினவலாம். அதற்கு விடைகள் இரண்டு உள. இத்தகைய படைகளுள் ஒன்று நம் தீவின் வடகரையிற் பாசறை கொண்டிருந்தது என்பது ஒன்று. அப்படைகள் ஏறிச்சென்ற போருக்கு இன்றியமையாத பொருள் நம் தோட்டங்களிலிருந்தே சென்றது என்பது மற்றொன்று. முன்னதனை நூல்கள் கூறுகின்றன. பின்னதனை அவை கூறா. இவ்வேற்றுமையே நம் ஆராய்ச்சிக்கு உயிராயது.

'மரீன்' எனப்படும் கடற்காலாட்படையினர் யாவர் என்பதை முதற்கண் தெளிதல் நன்று. கப்பலிற் சென்று கரையில் இறங்கிப் போர் புரிதற்கென்று பயிற்றப்பட்டவர் இவர். பிரித்தானியாவின் றோயல் மரீன் படை தன் தோற்றத்தை 1664 ஆம் ஆண்டிலிருந்து கணக்கிடுகின்றது. அமெரிக்க மரீன் படையோ 1775 ஆம் ஆண்டு நவம்பர் 10 ஆம் நாளைத் தன் பிறந்தநாளாகக் கொண்டாடுகின்றது. தரைப்படையோடு ஒப்பிடுமிடத்து இவை அளவாற் சிறியன, பயிற்சியாற் கடியன, தம்மைப் பற்றிய பெருமிதத்தால் மிகப் பெரியன. அப்பெருமிதம் வெறும் செருக்கன்று. விக்ரர் குருலாக் என்னும் அமெரிக்க மரீன் தளபதி 1984 இல் வெளியிட்ட 'ஃபர்ஸ்ற் ரு ஃபைற்' என்னும் நூல் இதற்கொரு விளக்கம் தருகின்றது. இச்சிறு படையைக் கலைத்துவிட வேண்டும் அல்லது ஒடுக்கிவிட வேண்டும் என்னும் முயற்சிகள் பலமுறை எழுந்தன என்றும், மக்களின் நன்மதிப்பே அதற்கு அரணாய் நின்றது என்றும் அவர் காட்டுகின்றார். இதனை உணர்ந்தோர்க்கு ஓர் எச்சரிக்கை தானே தோன்றும். படையின் புகழ் படையின் உயிரைக் காக்கும் கருவியாகுமாயின், அப்படையைப் பற்றிய நூல்களுட் பல, அறிந்தோ அறியாமலோ, பாடாண் திணையிலேயே நடக்கும். ஆகவே படிப்போன் விழிப்புடன் இருத்தல் வேண்டும்.

இனி நம் தீவின் செய்திக்கு வருவோம். 1944 ஆம் ஆண்டு ஏப்பிரலில் தென்கிழக்காசியக் கூட்டுப்படைத் தலைமையகம் கண்டியை அடுத்த பேராதனைக்கு வந்தது. அதே ஆண்டில் யாழ்ப்பாணத்துக் காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடையே கடலில் நிற்கும் ஹம்மன்ஹீல் என்னும் கடற்கோட்டையின் பெயரால் வழங்கிய முகாமில், சிறு நடவடிக்கைக் குழு ஒன்று அமைக்கப்பட்டது. றோயல் மரீன் படையைச் சேர்ந்த கேணல் டொல்லமாஷ் அதன் தலைவர். கரையின் ஆழத்தையும் மணலின் தன்மையையும் இரவில் நீந்திச் சென்று அளந்து வருவோர், தோணியிற் சென்று பகைவர் கரையைத் துருவி வருவோர், 385 ஆம் பிரிவு என்னும் மரீன் குழுவினர் முதலியோர் அங்கு ஒருங்கு திரண்டனர். அராக்கன் கரை, ஐராவதி ஆறு, மலாயாக் கரை முதலிய இடங்களுக்கு இவர்கள் சென்று மீண்டனர். தமிழர் நாள்தோறும் வலைவீசும் களப்புக் கடல் உலகப்போரின் மறைவான பயிற்சிக் களங்களுள் ஒன்றாக இருந்தது என்பது நம் மாணவர் பலர் அறியாத செய்தி. கரையளக்கும் இக்குழுக்களின் வரலாற்றை பில் ஸ்ற்றட்டன், மைக்கேல் பியர்சன் ஆகிய இருவரும் 1958 இல் 'த சீக்ரெற் இன்வேடர்ஸ்' என்னும் நூலாக எழுதினர். இன்னும் விரிவாக இயன் றெனௌடன் 1995 இல் எழுதினார். போரிற் சுடுதலினும் அளத்தலே முதன்மை பெறுவதும் உண்டு என்பதை இவ்வகை நூல்கள் உணர்த்துகின்றன. வீரம் என்பது ஈண்டுப் பொறுமையின் மறுபெயர்.

இலங்கைக்கு வந்து இவ்வகைச் சிறுபடகுப் போர்முறையை உருவாக்க உதவியவருள் ஹாஸ்லர் என்னும் மரீன் அதிகாரியும் ஒருவர். அவர் பெயர் உலகறிந்ததற்குக் காரணம், ஈராண்டுகட்கு முன் அவர் நடத்திய வேறொரு செயல். 1942 ஆம் ஆண்டு டிசெம்பர் 7 ஆம் நாள் இரவு, நீர்மூழ்கிக் கப்பலொன்றிலிருந்து ஐந்து தோணிகளில் பதின்மர் பிரான்சின் ஜிரோந்து ஆற்றுமுகத்தை நோக்கிப் புறப்பட்டனர். போர்தோ துறைமுகத்தில் நின்ற கப்பல்களிற் காந்தக் கண்ணிகளைப் பொருத்துவதே அவர்கள் பணி. இரு தோணிகளே துறைமுகத்தை எட்டின. கப்பல்கள் சேதமுற்றன. பதின்மருள் உயிர்மீண்டோர் ஹாஸ்லரும் பில் ஸ்பார்க்ஸும் ஆகிய இருவரே. இருவர் கடலில் மாண்டனர். அறுவர் பகைவர் கையிற் பட்டுக் கொல்லப்பட்டனர்.

இவ்வொரு நிகழ்ச்சியைப் பற்றி மூன்று நூல்கள் உள. மூன்றையும் ஒருங்கே வைத்துக் கற்றல் திறனாய்வுக்கு நல்லதொரு பயிற்சியாகும். முதலாவது, லூக்காஸ் பிலிப்ஸ் 1956 இல் எழுதிய 'கொக்கிள்ஷெல் ஹீரோஸ்'. இஃது ஒழுங்கான நடையும் நிறைந்த செய்தியும் உடையது. எனினும் முற்றிலும் பாடாண் திணையது. தலைவனின் அறிவும் தொண்டரின் பணிவும் அதிற் குறைவின்றிப் பேசப்படுகின்றன. இரண்டாவது, ஸ்பார்க்ஸ் 1992 இல் வெளியிட்ட தன் வரலாறு. இவர் அதிகாரியல்லர், தோணியின் பின்னிருக்கையில் இருந்து துடுப்பு வலித்த சாதாரண வீரர். போரின்பின் இலண்டனிற் பேருந்து ஓட்டிப் பிழைத்தவர். பொருள்முட்டினால் 1988 இல் தம் பதக்கங்களையே விற்க நேர்ந்தவர். நடையழகில் அவர் நூல் முன்னதற்கு ஈடாகாது. ஆயினும் முன்னிருக்கையிலிருந்து காணும் ஆறு வேறு, பின்னிருக்கையிலிருந்து காணும் ஆறு வேறு என்பதை அந்நூலே நமக்கு உணர்த்துகின்றது. மூன்றாவது, பாடி ஆஷ்டவுன் 2012 இல் எழுதிய வரலாறு. இவர் தாமும் மரீன் அதிகாரியாய் இருந்து, பின் அரசியலிற் புகுந்தவர். பல நாட்டு ஆவணங்களைத் துருவி ஆராய்ந்த இவர், அதே கப்பல்களைத் தாக்குதற்குப் பிரித்தானியாவின் மற்றோர் இரகசிய நிறுவனமும் போர்தோ நகரிலே ஆயத்தஞ் செய்துகொண்டிருந்தது என்பதையும், ஒருவர் செயலை ஒருவர் அறியாதிருந்தனர் என்பதையும் வெளிப்படுத்தினார். எண்மரின் சாவு, அவ்வறியாமையின் நிழலில் வேறொரு பொருள் பெறுகின்றது. வீரர்களின் வீரத்தை ஆஷ்டவுன் ஓரணுவும் குறைக்கவில்லை. அவ்வீரத்தைச் செலவிட்டோரின் கணக்கையே அவர் கேட்கின்றார். பாடாணாகத் தொடங்கிய கதை ஐம்பத்தாறு ஆண்டுகளிற் காஞ்சியாக முதிர்ந்தமையை இம்மூன்று நூல்களிலும் காணலாம்.

அமெரிக்க மரீன் படையினரின் நினைவு நூல்களுள் தலைசிறந்ததாக யாம் கருதுவது யூஜின் ஸ்லெட்ஜ் 1981 இல் வெளியிட்ட 'வித் தி ஓல்ட் பிரீட்' என்பதாகும். ஸ்லெட்ஜ் அலபாமா நாட்டு மருத்துவர் ஒருவரின் மகன். அதிகாரிப் பயிற்சியை விடுத்துச் சாதாரண வீரராகச் சேர்ந்தவர். 1944 இல் பெலெலியூ தீவிலும், 1945 இல் ஒக்கினாவாவிலும் சிறுபீரங்கிக் குழுவில் நின்று போரிட்டவர். தாம் கண்டவற்றைச் சட்டைப்பையில் வைத்திருந்த புதிய ஏற்பாட்டு நூலிற் குறித்து வைத்தார். பின்னர் உயிரியற் பேராசிரியராகிப் பல்லாண்டு கழித்தே அக்குறிப்புகளை நூலாக்கினார். அந்நூலின் உரைநடையில் உயிரியல் அறிஞரின் கண் தெரிகின்றது. சேறு, புழு, அழுகல், பசி, அச்சம் ஆகியவற்றை அவர் ஆராய்ச்சிக் கூடத்துக் குறிப்புப் போல நிதானமாக எழுதுகின்றார். ஒரிடத்தும் குரலை உயர்த்துவதில்லை.

அந்நூலில் வரும் ஒரு நிகழ்ச்சி அதன் தரத்தைக் காட்டப் போதுமானது. இறந்து கிடந்த பகைவரின் பொற்பற்களைப் பிடுங்கும் இழிசெயல் அக்களத்தில் வழக்கமாயிருந்தது. ஒருநாள் ஸ்லெட்ஜும் அதற்கு முற்பட்டார். உடனிருந்த மருத்துவ உதவியாளர் அவரைத் தடுத்தார். நேரே கண்டிக்காமல், நோய்க்கிருமிகளைக் காரணமாகக் கூறித் தடுத்தார். கிருமி என்பது ஒரு சாக்கே என்பதும், நண்பர் தம் மனிதத்தன்மையைக் காக்கவே முயன்றார் என்பதும் ஸ்லெட்ஜுக்குப் பின்னரே விளங்கிற்று. தம்மை நல்லவராகக் காட்ட விரும்பும் எழுத்தாளன் இந்நிகழ்ச்சியை மறைத்திருப்பான். தம்மைக் கொடியவராகக் காட்டிப் பரபரப்பூட்ட விரும்புபவன் மிகைப்படுத்தியிருப்பான். ஸ்லெட்ஜ் இரண்டும் செய்திலர். தம் படையையும் தோழரையும் அவர் இறுதிவரை நேசிக்கின்றார்; போரை வெறுக்கின்றார். இவ்விரண்டும் ஓருள்ளத்தில் ஒருங்கே நிற்கக்கூடும் என்பதை நிறுவியதே அவர் நூலின் பெருமை.

அதே படைப்பிரிவில் வேறொரு தொகுதியில் இருந்த ரொபேட் லெக்கி 1957 இலேயே 'ஹெல்மற் ஃபோர் மை பில்லோ' என்னும் நூலை எழுதினார். இவர் பத்திரிகையாளர். தோழரை இயற்பெயராற் சுட்டாது பட்டப்பெயர்களாலேயே சுட்டுவார், அதிகாரிகளை எள்ளி நகையாடுவார், சொல்லை அணிசெய்வார். ஸ்லெட்ஜின் நூலில் நாம் களத்தைக் காண்கின்றோம். லெக்கியின் நூலில் லெக்கியைக் காண்கின்றோம். இக்குறை ஒருபுறமிருக்க, படைவீரனின் நகைச்சுவையும் முணுமுணுப்பும் இவரிடத்தே நன்கு வெளிப்படுகின்றன. இவரே 1962 இல் பசிபிக் போரின் மரீன் வரலாற்றை 'ஸ்ற்றோங் மென் ஆம்ட்' எனத் தனிநூலாக எழுதினார். ஒருவரே நினைவு நூலும் வரலாற்று நூலும் எழுதியமையால், இருவகை எழுத்தின் வேறுபாட்டை அறிய விரும்புவோர் இவ்விரண்டையும் ஒப்பிட்டு நோக்கலாம். முன்னதில் முறுமுறுக்கும் அதே குரல், பின்னதிற் படையின் புகழை ஏத்துகின்றது.

நினைவு நூல் ஒன்றை மட்டும் கற்பதனால் விளையும் குறையும் உண்டு. பள்ளத்திற் பதுங்கியிருப்போன் அப்பள்ளத்தின் விளிம்பையே காண்பான். பெலெலியூ மூன்று நான்கு நாட்களில் முடியும் என்று மரீன் படைத்தளபதி றூப்பேற்றஸ் முன்கூறினார். 1944 செப்டெம்பர் 15 இல் தொடங்கிய போர் நவம்பர் 27 வரை நீடித்தது. முதலாம் மரீன் படைப்பிரிவில் மாத்திரம் ஏறக்குறைய 6,500 பேர் இறந்தும் காயமுற்றும் போயினர். அத்தீவைக் கைப்பற்றியது தேவைதானா என்னும் வினா இன்றுவரை வரலாற்றாசிரியரிடையே ஓயவில்லை. இத்தகைய வினாக்களை எழுப்புதற்கு அலன் மில்லற் 1980 இல் எழுதிய 'செம்ப்பர் ஃபிடெலிஸ்' போன்ற பெருவரலாறு துணைவேண்டும். மில்லற் பல்கலைக்கழகப் பேராசிரியர். மரீன் சேமப்படை அதிகாரியுமாவார். அவர் நூல் வாசிப்புச் சுவை குறைந்தது. ஆயின் திட்டம், செலவு, அரசியல் ஆகியவற்றை வரிசைப்படுத்திக் காட்டுவது. நினைவு நூல் என்ன நிகழ்ந்தது என்று கூறும். வரலாறு ஏன் நிகழ்ந்தது என்று ஆராயும். ஒன்றின்றி மற்றொன்று அரைக்கல்வியே.

பிலிப் கப்பியூற்றோ 1977 இல் எழுதிய 'ஏ றூமர் ஒஃப் வோர்' வியட்நாம் போரைப் பற்றியது. 1965 மார்ச்சில் டானாங்கிற் கரையிறங்கிய முதற் படையணியில் இளம் அதிகாரியாயிருந்தவர் இவர். சிலகாலம் மாண்டோரின் கணக்கை எழுதும் பணியும் இவருக்கு வாய்த்தது. பின்னர் இவர் அனுப்பிய வீரர்கள் வியட்நாமிய இளைஞர் இருவரைக் கொன்றனர். கொலைக்குற்றம் இவர்மீதும் சாட்டப்பட்டு, முடிவிற் கைவிடப்பட்டது. அவ்வழக்கினின்று விடுபட்டதைக் கப்பியூற்றோ குற்றமின்மையாகக் கொண்டாடவில்லை. நல்லெண்ணத்தோடு படையிற் சேர்ந்த ஓர் இளைஞன் எத்தனை சிறு படிகளில் இறங்கி அவ்விடத்தை அடைந்தான் என்பதையே அவர் ஆராய்கின்றார். சிறந்த பயிற்சி பெற்ற படை அறத்தினும் சிறந்து நிற்கும் என்னும் எண்ணத்திற்கு இந்நூல் கடுமையான மறுப்பாகும். கடற்காலாட்படை வாழ்வை வியந்து நோக்கும் இளைஞர் கட்டாயம் கற்கவேண்டிய நூல் இது.

ஈண்டுத் தமிழ் மரபின் மற்றொரு செய்தியும் நினைவுகூரத்தக்கது. பரணி வென்றோனைப் பாடும் நூல். ஆயினும் தோற்றோரின் பெயராலேயே அது வழங்கப்படும். சோழரின் வெற்றியைப் பாடிய செயங்கொண்டாரின் நூல் கலிங்கத்துப்பரணி எனப்பட்டது. வென்றோனின் புகழ் தோற்றோரின்றி நில்லாது என்னும் நுட்பம் இம்மரபில் அமைந்துளது. இவ்வளவுகோலால் அளக்குமிடத்து மேற்கூறிய நூல்களுட் பல குறையுடையனவாகவே தோன்றும். பெலெலியூவைக் காத்து நின்ற ஜப்பானியர் பதினாயிரவர்க்கு மேற்பட்டோர்; உயிர்தப்பியோர் மிகச் சிலர். அவர்களுக்கு இந்நூல்களில் முகமில்லை. ஒக்கினாவாவில் மாண்ட பல்லாயிரம் பொதுமக்களுக்கும் சிறு இடமே கிடைத்தது. ஸ்லெட்ஜும் கப்பியூற்றோவும் மாத்திரமே, தாம் வெறுத்த பகைவனிடத்தே இறந்த மனிதனொருவனைக் கண்டோம் என்று சொல்லத் துணிந்தனர்.

முகமின்றிப் போனோர் பகைவர் மட்டுமல்லர். 1942 பெப்ருவரி 15 இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. மலாயாவும் ஜாவாவும் கைமாறவே, உலகின் இயற்கை இறப்பரிற் பெரும்பகுதி நேசநாடுகளுக்கு இல்லாதொழிந்தது. எஞ்சிய மூலங்களுள் இலங்கையே தலையாயது. அவ்வாண்டு ஏப்பிரல் 5 இல் கொழும்பும், 9 இல் திருகோணமலையும் ஜப்பானிய விமானங்களாற் குண்டுவீசப்பட்டன. களனிப் பள்ளத்தாக்கின் யட்டியாந்தோட்டை, தெகியோவிற்றை, உருவன்வெல்லை முதலிய பகுதிகளிலும், இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்களிலும் இறப்பர் உற்பத்தி முடுக்கிவிடப்பட்டது. பழைய மரங்களை இனி மீளா என்று தெரிந்தே மட்டுமீறிப் பால்வெட்டும் முறை இத்தீவிற் கைக்கொள்ளப்பட்டது. மரத்தைக் கொன்று பாலெடுத்த காலம் அது. விடியுமுன் லயத்தினின்று புறப்பட்டு, கத்தியும் வாளியும் ஏந்தி, மரந்தோறும் பட்டை சீவிச் சிரட்டை வைத்துப் பால் சேர்த்தோருள் தமிழ்த் தொழிலாளர் பெருந்தொகையினர். பெண்களும் அவருள் அடங்குவர்.

மரீன் வீரர் பகைவர் கரைக்கு ஏறிச்சென்ற காற்றடைத்த படகு இறப்பராலானது. கரையளக்க நீந்தியோர் அணிந்த உடை இறப்பர் பூசியது. 1942 ஓகஸ்ற்றில் அமெரிக்க மரீன் அதிரடிப் படையினர் நீர்மூழ்கிகளிலிருந்து மக்கின் தீவிற்குச் சென்றது இறப்பர்ப் படகுகளிலேயே. எந்தத் தோட்டத்துப் பால் எந்தப் படகாயிற்று என்று காட்டுதல் இயலாது. அது நம் நோக்கமுமன்று. ஒரு படகின் இருபுறத்தும் மனிதர் உளர் என்பதே நாம் காட்டவேண்டியது. அதில் ஏறியோர்க்கு நினைவு நூல்கள் உள, வரலாறுகள் உள, பதக்கங்களும் உள. அதற்குப் பால் தந்தோர்க்கு உண்டானது வேறு. போர் முடிந்த மூன்றாம் ஆண்டில், 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தினால் அவர்களுட் பெரும்பாலார் நாடற்றவராயினர். 1964 ஆம் ஆண்டு ஒப்பந்தம் அவர்களை இரு நாடுகளுக்குப் பங்கிட்டது. எஞ்சியோரின் குடியுரிமைக் குறை தீர 2003 ஆம் ஆண்டுவரை செல்லவேண்டியதாயிற்று. போர்க்காலத்து உழைப்பை எடுத்துக்காட்டி அவர்களுக்காக வாதிடுதற்குக் கையில் ஒரு நூல் இருந்ததில்லை. நினைவு நூல் இல்லாமை இலக்கியக் குறை மட்டுமன்று. அஃது உரிமைக் குறையுமாகும்.

நம் மாணவர் எவ்வரிசையிற் கற்கலாம் என்பதையும் கூறுதல் நலம். முதலில் ஸ்லெட்ஜைக் கற்க. அதனோடு மில்லற்றின் வரலாற்றிற் பசிபிக் போர் பற்றிய பகுதிகளை வைத்து ஒப்பிடுக. பின்னர்க் கப்பியூற்றோவைக் கற்க. ஜிரோந்து ஆற்றுச் செய்தியை லூக்காஸ் பிலிப்ஸ், ஸ்பார்க்ஸ், ஆஷ்டவுன் என்னும் முறையிற் படிக்க. லெக்கியை ஓய்வுநேரத்திற் சுவைக்க. குருலாக்கை, ஒரு படை தன்னைப் பற்றி எவ்வாறு நினைக்க விரும்புகின்றது என்பதை அறிதற்காகக் கற்க. ஒவ்வொரு நூலிடத்தும் மூன்று வினாக்களைக் கேட்க: எழுதியோன் தன் இழிவை மறைத்தானா? பகைவனுக்கு முகம் தந்தானா? தன்னைத் தாங்கி நின்றோரை நினைந்தானா? இந்நாட்டின் நெடும்போர் 2009 இல் முடிவுற்றபின் பல திறத்தாரும் எழுதிவரும் நினைவு நூல்களிடத்தும் இவ்வினாக்களையே கேட்டல் வேண்டும். எத்திறத்தார் எழுதினும் அளவுகோல் ஒன்றே.

முதலிரு வினாக்களுக்கும் ஆம் என்னும் வகையில் விடைதரும் நூல்கள் சில உள. மூன்றாம் வினாவிற்கு விடைதரும் நூல் மேலைநாட்டிலிருந்து வரும் என்று காத்திருத்தல் பயனற்றது; அஃது இங்கேயே எழுதப்படல் வேண்டும். 1942 இற் பத்து வயதினராய் இருந்து, தாயின் பின்னே பால்வாளி சுமந்தோர் இன்று தொண்ணூறு கடந்தவர். கேகாலையிலும் இரத்தினபுரியிலும் லயங்களில் அத்தகையோர் மிகச் சிலரே இருத்தல் கூடும். அவர்கள் சொல்வதை அவர்கள் சொன்னபடியே, அணிசெய்யாமலும் குறைக்காமலும், நாளும் இடமும் குறித்து எழுதிவைக்கும் மாணவன் ஒருவன் எழுவானாயின், மேற்கூறிய நூல்களைக் கற்றதன் பயன் அவன்வழி நமக்குக் கிட்டும். ஸ்லெட்ஜ் சட்டைப்பை நூலொன்றின் ஓரங்களிற் குறித்தவையே பின்னர்ப் பெருநூலாயின. ஒரு பயிற்சிப் புத்தகமும் ஓர் எழுதுகோலும் நம் தோட்டப் பாடசாலை மாணவர்க்கு அரிய பொருள்களல்ல. காலமே அரிய பொருள்.